பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கும் நிதி திரட்டலும்



"எத்தனை?" என்ற ஒரே கேள்விக்கு விடை தெரியாமல் ஓர் ஊரே விழித்து நின்றதை நான் நேரில் கண்டிருக்கிறேன். சம்பா அறுவடைக்குப் பின் பசுந்தாள் உரச் செயல்விளக்கம் ஒன்றிற்காக வட மாவட்டத்தில் ஓர் ஏரிப்பாசன ஊருக்குச் சென்றிருந்தேன். ஏரியின் உட்புறத்தில் முன்னொரு காலத்தில் சமூகக் காடு வளர்ப்பில் நட்ட நாட்டுக் கருவேல மரங்கள் நன்கு வளர்ந்து நின்றன. அவற்றில் வெண்கொக்கும் நீர்க்காகமும் வக்காவும் கூடு கட்டி, குஞ்சுகள் கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தன. அது பங்குனி மாதம். மரங்களை வெட்ட ஏலம் முடிந்து, ஆட்களும் வந்துவிட்டார்கள். குஞ்சுகள் பறக்கும் வரையாவது வெட்டை நிறுத்தி வைக்க வேண்டும் என்று ஊரார் மனுக் கொடுத்தனர். "எண்ணிறந்த பறவைகள் வாழ்கின்றன" என்று மனுவில் எழுதியிருந்தார்கள். பார்வையிட வந்த அலுவலர் கடுமையானவர் அல்லர். "எத்தனை கூடுகள்? சென்ற ஆண்டு எத்தனை இருந்தன? எந்த மாதத்தில் குஞ்சுகள் வெளியேறுகின்றன? எழுதி வைத்த கணக்கு ஏதேனும் உண்டா?" என்று அமைதியாகவே கேட்டார். ஒருவர் ஆயிரம் என்றார்; மற்றொருவர் பத்தாயிரம் என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த வாரமே மரங்கள் விழுந்தன.

ஏரியில் எத்தனை மதகு, ஒவ்வொரு மதகிலும் எத்தனை ஏக்கர் பாசனம், எந்த வீட்டில் எத்தனை மாடு என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய ஊர் அது. பறவையை மட்டும் எவரும் எண்ணியதில்லை. அடுத்த பொங்கலுக்கு அவ்வூர் இளைஞர்களும் நானும் சேர்ந்து எண்ணத் தொடங்கினோம். எண்ணுவதோடு நில்லாமல், எண்ணிக்கையைக் கொண்டே ஏரிப் பறவைகளின் பாதுகாப்பிற்குச் சிறு நிதியும் திரட்டினோம். இதனை எப்படிச் செய்வது, எங்கே சறுக்க நேரிடும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எண்ணுவதால் நிதி எப்படி வரும்?

கோயில் திருவிழாவிற்குத் தலைக்கட்டு வரி விதிக்கும்போது, இவ்வளவு என்று முன்னரே தெரிந்துவிடுகிறது. இம்முறை அதற்கு மாறானது. கணக்கெடுப்பிற்குச் சில நாட்கள் முன்னதாக, எண்ணப் போகிறவர் தம் உறவினர், கடைக்காரர், நண்பர் ஆகியோரிடம் சென்று, "நான் அன்று காலையில் பார்க்கும் ஒவ்வொரு பறவை இனத்திற்கும் எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறார். ஒருவர் இனத்திற்கு ஒரு ரூபாய் என்பார். மற்றொருவர் ஐந்து ரூபாய் என்பார். நாற்பது இனங்களைக் கண்டுவந்தால் முன்னவர் நாற்பது ரூபாயும் பின்னவர் இருநூறு ரூபாயும் தருகிறார்கள். பணம் தருபவருக்கும் அன்றைய கணக்கில் ஓர் ஆவல் பிறக்கிறது. தெருவில் நம்மைக் கண்டதும், "என்ன, எத்தனை பார்த்தீங்க?" என்று அவரே கேட்கிறார். நிதியைக் காட்டிலும் இந்தக் கேள்வியே பெரிய வருவாய் என்பது என் எண்ணம்.

பறவைகளை எண்ணும் வழக்கம் அமெரிக்காவில் 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் தொடங்கியது. அதற்கு முன் அந்நாளில் இரு கட்சியாகப் பிரிந்து கண்ணில் பட்ட பறவையையும் விலங்கையும் சுட்டுக் குவித்து, எக்கட்சியின் குவியல் பெரிது என்று பார்ப்பது அங்கே ஒரு விளையாட்டாக இருந்தது. பிராங்க் சாப்மன் என்ற பறவையியலார், சுடுவதற்குப் பதிலாக எண்ணுங்கள் என்று வேண்டினார். முதல் ஆண்டில் 25 இடங்களில் 27 பேர் மட்டுமே எண்ணினார்கள். அக்கணக்கு இன்றும் ஆண்டு தவறாமல் நடக்கிறது. இனத்திற்கு இவ்வளவு என்று நிதி ஒப்புக்கொள்ளும் முறை கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் லாங் பாயின்ட் என்ற இடத்துப் பறவை ஆய்வு நிலையத்தாரால் 1976இல் தொடங்கப்பட்டது. 1984இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், நள்ளிரவு முதல் மறுநாள் நள்ளிரவு வரை எத்தனை இனங்களைக் காண முடியும் என்று குழுக்கள் போட்டியிட்டு நிதி திரட்டத் தொடங்கின.

நமது மாநிலத்தில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடைபெற்று வருகிறது. பறவை ஆர்வலர்கள் நடத்தும் இதில் எவரும் சேரலாம், கட்டணம் இல்லை. தாமிரபரணிப் பாசனப் பகுதிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011இலேயே தொடங்கிவிட்டது. இவற்றில் நிதி வசூல் கிடையாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் கூறும் நிதி, ஊரார் தம் ஊருக்காகத் தாமே சேர்ப்பது. மாநிலக் கணக்கின் பெயரைச் சொல்லி வசூலிக்கலாகாது.

உழவருக்கு இதில் என்ன?

இக்கேள்வியை என்னிடம் கேட்காத ஊர் இல்லை. கேட்பது நியாயமே. பால் கட்டும் கதிரைச் சில்லைகள் உறிஞ்சுகின்றன; கிளி சோளக்கதிரைக் கொத்துகிறது; நீலத் தாழைக்கோழி நாற்றை மிதித்துப் பிடுங்குகிறது; மயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவை நட்டம் செய்வதில்லை என்று கூறி உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. ஆனால் அதே வயலில் இரட்டைவால் குருவி அந்துப்பூச்சியைப் பறக்கும்போதே பிடிக்கிறது. ஏர் ஓட்டும்போது உண்ணிக்கொக்கு பின்னால் நடந்து மண்ணில் புரளும் புழுவைப் பொறுக்குகிறது. (அது தவளையையும் விழுங்குகிறது, தவளையும் நமக்கு நண்பனே. இயற்கையில் முழு நண்பன் என்று எவரும் இல்லை.) இரவில் கூகை எலி பிடிக்கிறது. பயறிலும் பருத்தியிலும் காய்ப்புழுவைக் கட்டுப்படுத்த ஹெக்டேருக்கு 50 பறவை தாங்கிகள் நட வேண்டும் என்று நாங்கள் பரிந்துரைக்கிறோம். தாங்கியில் வந்து உட்காரக் குருவி வேண்டுமே! உங்கள் நிலத்தைச் சுற்றி எத்தனை இரட்டைவால் குருவிகள் உள்ளன, சென்ற ஆண்டைவிடக் கூடியுள்ளனவா குறைந்துள்ளனவா என்று தெரியாமல் குச்சியை மட்டும் நட்டுவிட்டு வருவது, விதை முளைப்புத்திறன் பாராமல் விதைப்பதைப் போன்றதே.

பறவையும் பாசனமும் தொடர்புடையவை என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது அதனை எதிர்த்து முறையிட்டவர்கள் அவ்வூர் உழவர்களே. 1798இல் அப்போதைய ஆட்சியர் லயனல் பிளேஸ் என்பவரிடமிருந்து, அங்கே பறவைகளைச் சுடலாகாது என்று கௌல் வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாயும் வயலில் பயிர் செழிப்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு என்று நாங்கள் ஆய்வுக்கூடத்தில் காட்டுவதற்கு நெடுங்காலம் முன்பே அவர்கள் களத்தில் கண்ட உண்மை அது. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் பறவை எச்சம் கலந்த வண்டலை வயலுக்கு இடும் வழக்கமும் இவ்வகையினதே.

எண்ணி வைப்பதன் அருமையை விளக்கக் கழுகின் கதையைவிடத் தக்க சான்று எனக்குத் தெரியவில்லை. நம்மில் வயதில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். செத்த மாட்டை ஊர்ப் புறம்பில் இழுத்துப் போட்டால் சிறிது நேரத்தில் வட்டமிட்டு இறங்கும் பிணந்தின்னிக் கழுகுகள், அதாவது பாறுகள், எங்கே போயின? இராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் 1980களில் விபு பிரகாஷ் என்ற அறிவியலார் பாறுகளையும் அவற்றின் கூடுகளையும் எண்ணி எழுதி வைத்திருந்தார். 1990களின் இறுதியில் அதே இடத்தில் மீண்டும் எண்ணியபோது வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் மறைந்திருந்தன. பழைய கணக்கு கையில் இருந்ததால்தான் எவரும் அதனை மறுக்க முடியவில்லை. காரணம் என்ன என்று தேடினார்கள். மாட்டுக்கு வலியும் வீக்கமும் குறையப் போடும் டைக்ளோபினாக் ஊசி மருந்தே காரணம் என்பது 2004இல் வெளிப்பட்டது. அந்த ஊசி போட்ட மாடு இறந்து, அதன் இறைச்சியைத் தின்ற பாறு சிறுநீரகம் கெட்டு மடிந்தது. 2006இல் கால்நடைகளுக்கு இம்மருந்தைப் பயன்படுத்த இந்திய அரசு தடை விதித்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதால் 2015இல் குப்பியின் அளவு 3 மில்லி லிட்டராகக் குறைக்கப்பட்டது. கீட்டோபுரோபென், அசெக்ளோபினாக் என்ற மருந்துகளும் கால்நடைப் பயன்பாட்டிற்கு 2023இல் தடை செய்யப்பட்டன. இவற்றிற்கு மாற்றாக மெலாக்சிகாம் என்ற மருந்து உள்ளது. அது பாறுகளுக்குத் தீங்கு செய்வதில்லை. உங்கள் மாட்டுக்கு ஊசி போடும்போது கால்நடை மருத்துவரிடம் மருந்தின் பெயரைக் கேட்டறியுங்கள்.

பொதுமக்கள் எழுதித் தந்த கணக்குகளைக் கொண்டு 2023இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை ஒன்று வெளியாயிற்று. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய விவரம் கிடைத்த 338 இனங்களில் 204 இனங்கள் குறைந்துள்ளன. 98 இனங்கள் நிலையாக உள்ளன. 36 இனங்கள் பெருகியுள்ளன. குறைந்தவற்றுள் நம் மின்கம்பியில் அமர்ந்து வெட்டுக்கிளி பிடிக்கும் பனங்காடையும் ஒன்று. பெருகியவற்றுள் மயிலும் ஒன்று! மயில் பெருகிவிட்டது என்று நீங்கள் சொல்வதை ஊர்ப் புலம்பல் என்று ஒதுக்கியவர்கள், அதே செய்தியைக் கணக்கில் கண்டபோது ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆகவே உங்களுக்குப் பிடித்த பறவையை மட்டும் எண்ணுவது பயன் தராது. நட்டம் செய்வதையும் எண்ணுங்கள்.

எண்ணும் முறை

நேரம்: தை மாதத்தில் காலை ஆறரை மணி முதல் எட்டரை மணி வரை மிகவும் ஏற்றது. வெயில் ஏறினால் சிறு குருவிகள் அடங்கிவிடும். பனி மூடியிருந்தால் அது விலகும் வரை காத்திருங்கள். ஓர் இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்றோ, மெல்ல நடந்தோ எண்ண வேண்டும். தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தொலைவு, எண்ணியவர் எத்தனை பேர் என்ற நான்கையும் முதலில் எழுதுங்கள். இவை இல்லாத கணக்கு, பரப்பளவு எழுதாத மகசூல் கணக்கைப் போன்றது. "நாற்பது மூட்டை கண்டது" என்றால் அரை ஏக்கரிலா, இரண்டு ஏக்கரிலா என்று கேட்போம் அல்லவா?

கருவி: ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில். பேனா வேண்டாம்; பனி ஈரத்தில் மை ஊறிவிடும். ஊரில் எவரிடமாவது பைனாகுலர் இருந்தால் எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். அதைவிடப் பெரிதாக்குவதைக் கையில் பிடித்தால் படம் ஆடும். படங்களுடன் கூடிய பறவை நூல் ஒன்று பள்ளி நூலகத்தில் இருந்தால் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

எவ்வூருக்கும் அதற்கே உரிய பறவைப் பெயர்கள் உண்டு. ஓர் ஊரில் மடையான் என்பது வேறோர் ஊரில் குருட்டுக் கொக்கு. ஒரே பெயரால் இரு பறவைகளை அழைக்கும் ஊர்களும் உள்ளன. ஆகவே முதல் நாள் மாலையில் எண்ணப் போகிறவர்கள் கூடி, எந்தப் பெயர் எந்தப் பறவைக்கு என்று பேசி முடித்துக்கொள்வது நல்லது. நாங்கள் முதல் ஆண்டு இதனைச் செய்யவில்லை. ஒரே மடையானை ஒரு குழு ஒரு பெயரிலும் மற்றொரு குழு வேறு பெயரிலும் எழுதி இரண்டு இனமாக்கிவிட்டது. இனத்திற்குப் பணம் என்பதால் அதில் ஒருவருக்குக் கூடுதலாக ஐந்து ரூபாய் கணக்காகிப் பின்னர் திருத்தினோம்.

ஏரியை எண்ணும்போது கரையை நான்கு பாகமாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பாகத்திற்கும் இருவர் அல்லது மூவர் செல்லுங்கள். ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். எல்லைக்கு ஒரு பனைமரத்தையோ மதகையோ அடையாளம் வைத்துக்கொண்டால் ஒரே கூட்டத்தை இருவர் எண்ணும் தவறு நேராது. கூட்டம் எழுந்து பக்கத்துப் பாகத்தில் இறங்கினால் உடனே கை காட்டித் தெரிவிக்க வேண்டும்.

பெருங்கூட்டத்தை எண்ணுவது எப்படி? வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகி வாத்தும் நூற்றுக்கணக்கில் நடுநீரில் மிதக்கும். ஒவ்வொன்றாக எண்ண இயலாது. நெல் மகசூல் கணிக்க ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரத்தில் அறுவடைப் பரிசோதனை செய்கிறோம் அல்லவா? அதே வழிதான். கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவைகளை எண்ணுங்கள். அப்பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். அதே அளவில் பத்து, இருபது, முப்பது என்று கூட்டத்தின் மறுமுனை வரை கண்ணால் அளந்து செல்லுங்கள். மிகப் பெரிய கூட்டமாயின் ஐம்பது ஐம்பதாக அளக்கலாம். கூட்டம் ஓரத்தில் கலைந்தும் நடுவில் நெருங்கியும் இருக்கும் என்பதால், நடுவில் ஒருமுறையும் பத்தை எண்ணிச் சரிபார்க்க வேண்டும். இருவர் தனித்தனியே எண்ணிய பின் ஒப்பிடுங்கள். ஒருவர் 300, மற்றவர் 340 என்றால் தவறில்லை. ஒருவர் 300, மற்றவர் 900 என்றால் இருவரும் மீண்டும் எண்ண வேண்டும். எள்ளை மணையில் கொட்டிப் பழகிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு.

அடையாளம் தெரியாத பறவையை ஊகித்து எழுதாதீர்கள். "உள்ளான் வகை, பெயர் தெரியவில்லை, 12" என்று எழுதினால் அதுவும் கணக்கே. குரலை மட்டும் கேட்டு உறுதியாக அறிந்தால் எழுதலாம். செம்போத்தையும் குயிலையும் எவரும் குரலால் அறிவர். கூடுள்ள மரத்திற்கு அருகே செல்லலாகாது. தாய்ப்பறவை எழுந்தால் காகமும் வெயிலும் குஞ்சைக் கொன்றுவிடும். நாயை வீட்டில் கட்டிவிட்டு வாருங்கள்.

ஏரி இல்லாத ஊரார் கவலைப்பட வேண்டாம். கிணற்றடியும் களமும் வரப்பும் போதும். என் பழக்கத்தில், ஒரு மானாவாரிப் புன்செய்க் காட்டில் காலை ஒரு மணி நேரத்தில் கௌதாரி, கொண்டலாத்தி, கீச்சான், பஞ்சுருட்டான், வானம்பாடி, நெட்டைக்காலி, கதிர்க்குருவி என்று இருபது இனங்களுக்குக் குறையாமல் காண்கிறோம். நெல் நிலத்தாரைவிடப் புன்செய் உழவரின் கணக்குக்கே மதிப்பு அதிகம் என்று சொல்லலாம். ஏனெனில் ஏரியைப் பார்க்க வெளியூரார் வருகிறார்கள். கடலைக் காட்டை எண்ண எவரும் வருவதில்லை.

எண்ணி முடித்ததும் கணக்கை 'ஈ-பேர்டு' என்ற பொதுப் பதிவேட்டில் அலைபேசி வழியாக ஏற்றலாம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வுக்கூடத்தாரும் ஆடுபான் சங்கத்தாரும் 2002இல் தொடங்கிய பதிவேடு இது. பொங்கல் கணக்கும் இதிலேயே சேர்கிறது. கல்லூரி செல்லும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இப்பணியை அவர்களிடம் ஒப்படைத்துவிடலாம்.

பணம் கலக்கும்போது எச்சரிக்கை

முதல் ஆண்டு நாங்கள் எழுதி வாங்கிய ஒப்புதல்களில் ஒன்று தேநீர்க் கடைக்காரருடையது. இனம் என்பதற்கும் பறவை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாங்கள் விளக்கவில்லை. அவரும் "ஒரு பறவைக்கு ஒரு ரூபாய்" என்று மகிழ்ச்சியாகக் கையெழுத்திட்டுவிட்டார். அன்று காலை நடுநீரில் நீலச்சிறகி வாத்துக் கூட்டம் ஒன்றே எண்ணூறுக்கு மேல் இருந்தது. கணக்கைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. பின்னர் இனக் கணக்கிற்கே வாங்கிக்கொண்டோம். அது முதல் ஒப்புதல் தாளில் "இனம் ஒன்றிற்கு" என்று தடித்த எழுத்தில் எழுதுகிறோம். அதிகத் தொகை இவ்வளவுதான் என்று உச்சவரம்பும் குறிக்கிறோம். குறைந்த வருவாய் உள்ள வீட்டில் இனத்திற்கு என்று கேட்காமல், விரும்பியதைத் தரச் சொல்வதே முறை.

இதைவிடப் பெரிய சறுக்கல் என்னுடையது. நாற்பத்திரண்டு இனங்கள் எழுதியாகிவிட்டது. நாற்பத்து மூன்றாவதாகக் கூழைக்கடா என்று எழுதினேன். அதற்கு முந்தைய வாரம் அதே ஏரியில் மூன்று கூழைக்கடாக்களை என் கண்ணால் கண்டிருந்தேன். அவை எங்கும் போயிருக்கா, கோரைக்குப் பின்னால் இருக்கும் என்று மனம் சொல்லிற்று. ஓர் இனம் கூடினால் ஒப்புக்கொண்டவர்கள் எல்லோரும் சேர்ந்து தருவது கணிசமாக உயரும் என்ற எண்ணமும் உள்ளே இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பக்கத்தில் நின்ற நீர்க்கட்டி முதியவர் நோட்டைப் பார்த்துவிட்டு, "அது இன்னிக்கு இருந்துச்சுங்களா, சார்?" என்றார். போன வாரம் பார்த்தேன் என்றேன். "போன வாரம் எண்ணின ஆட்டை இன்னிக்குப் பட்டியிலே அடைக்க முடியுங்களா?" என்று கேட்டுவிட்டுப் புகையிலையைத் துப்பப் போய்விட்டார். அந்த வரியை அடித்தேன். அடித்த கோடு இன்றும் அந்த நோட்டில் உள்ளது.

இதனை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், நிதிக்காக எண்ணும்போது கை தானாகவே கூட்டி எழுதும். ஏரிக்கு நல்லதுதானே என்ற சமாதானமும் உடன் வரும். ஆனால் இவ்வாண்டு கூட்டி எழுதிவிட்டால், அடுத்த ஆண்டு உள்ளபடி எண்ணும்போது பறவை குறைந்துவிட்டதாகத் தோன்றும். மூன்றாம் ஆண்டில் உண்மையிலேயே குறைந்தால் நம் சொல்லை எவர் நம்புவார்? அந்தப் பங்குனி மாதத்தில் ஆயிரம் என்றும் பத்தாயிரம் என்றும் சொல்லிச் சிரிப்புக்கு ஆளான நிலைக்கே திரும்பி வந்துவிடுவோம். ஆதலால் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறோம். ஓர் இனத்தைக் குறைந்தது இருவர் பார்த்திருந்தால்தான் பணக் கணக்கில் சேரும். ஒருவர் மட்டும் பார்த்தது நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதப்படும். அதற்குக் காசு இல்லை. எதிர்பார்த்து வராத பறவைக்கும் ஒரு வரி உண்டு. "வர்ண நாரை – 0" என்று எழுதுகிறோம். இல்லை என்று எழுதி வைத்தால்தான், தேடியும் காணவில்லை என்பது பின்னால் வருபவருக்குத் தெரியும். வெறும் இடமாக விட்டால், தேடவே இல்லை என்றும் கொள்ளலாம்.

வசூலான தொகைக்குப் பற்றுச்சீட்டுக் கொடுத்து, அஞ்சலகத்திலோ வங்கியிலோ இருவர் கையெழுத்தில் இயங்கும் கணக்கில் போட வேண்டும். கிராமசபை கூடும் நாளில் வரவையும் செலவையும் வாசித்துவிடுங்கள். தொகை சிறியதாயிருப்பது குறையன்று. வாசிக்காமல் விடுவதே குறை.

நிதியை எதற்குச் செலவிடலாம்?

முதல் ஆண்டு எங்கள் நிதியில் பாதி, நன்கொடையாளர் பெயர்களுடன் ஒரு பெரிய பிளக்ஸ் பலகைக்குப் போயிற்று. ஆடிக் காற்றில் அது கிழிந்து ஏரியிலேயே விழுந்தது. அச்செலவை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமே. மறு ஆண்டு, மீன் பிடித்தவர்கள் விட்டுச் சென்ற நரம்பு வலைத் துண்டுகளைக் கோரையிலிருந்து பொறுக்கி எடுக்க ஆட்கூலி கொடுத்தோம். முக்குளிப்பானும் நீர்க்காகமும் அவற்றில் சிக்கி இறப்பதைக் கணக்கெடுத்த காலையில்தான் கண்டோம். பல சாக்குகள் நிறைந்தன. வெட்டிய மரங்களுக்கு ஈடாக ஏரியின் நீர்ப்பிடிப்பு ஓரத்தில் நாட்டுக் கருவேலும் நீர்மருதும் நட உரிய அலுவலகத்தில் அனுமதி பெற்றோம். கரையின் மேல் மரம் நடுவதில்லை. வேர் கரையைத் துளைக்கும். கன்றுகளுக்கு முள்வேலியும் இரு கோடைக்குத் தண்ணீரும் நிதியிலிருந்தே. மீதியில் மூங்கில் வாங்கிப் பறவை தாங்கிகள் செய்து, பயறு விதைத்தவர்களுக்குக் கொடுத்தோம். கூகைக்கு உயரமான தாங்கியும் எலி வளை மிகுந்த வயல்களில் நட்டோம்.

பட்டாசுக்கு மாற்றாக என்ன செய்வது என்று கேட்பவர்கள், சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியைச் சேர்ந்த கொள்ளுக்குடிப்பட்டியைக் கேட்டறியலாம். பறவைகள் தங்கியிருப்பதால் தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல் இருக்கும் ஊர் அது. அவ்வழக்கத்திற்கு எந்த நிதியும் தேவைப்படவில்லை.

நான் குறிப்பிட்ட ஊரில் கன்றுகள் ஆளுயரம் வந்துவிட்டன. கூடு கட்ட இன்னும் சில ஆண்டுகள் ஆகும். இப்போது வக்காவும் வெண்கொக்கும் பக்கத்து ஊர் ஏரியில் கூடு வைக்கின்றன; அவ்வூராரும் சென்ற பொங்கலிலிருந்து எண்ணத் தொடங்கியுள்ளனர். பங்குனி முதல் வாரத்தில் கூடுகளை மட்டும் தனியாக எண்ணுகிறார்கள். மரத்திற்கு வரிசை எண் வண்ணத்தில் எழுதி, ஒவ்வொரு மரத்திலும் எத்தனை கூடு, எத்தனையில் குஞ்சு என்று தூரத்தில் நின்று குறிக்கிறார்கள். குஞ்சுகள் எந்த வாரத்தில் பறந்தன என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு.

உங்கள் ஊரில் தொடங்க நினைப்பவர்கள் மார்கழிக் கடைசிக்குள் எண்ணும் இடத்தையும் குழுவையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். முதல் ஆண்டு எந்த இடத்தில் நின்று எண்ணினீர்களோ, அதே இடத்தில், அதே நேர அளவில் ஒவ்வோர் ஆண்டும் எண்ணுங்கள். இடம் மாற்றினால் ஒப்பிட இயலாது. பதிவு நோட்டைக் கரையான் அரிக்காத இடத்தில் வையுங்கள். ஒரு படியைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் அலைபேசியில் படம் எடுத்து இருவர் வைத்துக்கொள்ளுங்கள்.